ஏழு ஜாடிகளும் ஒரு வசனமும்

செத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் தொழில். கியோட்டோ ஸ்டுடியோக்களில் முப்பத்தொரு வருஷமாக வெட்டுப்பட்டுச் சாகிறேன். கதாநாயகன் வாளை உருவியதும் பத்துப் பேர் கத்திக்கொண்டே ஓடிப்போய் வரிசையாக விழுவார்களே, அதில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள் நான். பெயர் ஹாச்சியா கென்சாக்கு. திரையில் அந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. காலையில் திருடனாகச் செத்து, மத்தியானம் விக்கை மாற்றிக்கொண்டு அவனைப் பிடிக்க வந்த காவலாளாகச் செத்து, சாயங்காலம் அந்தத் திருடனின் அண்ணனாகப் பழிவாங்க வந்தும் செத்திருக்கிறேன். இத்தனை சாவிலும் நான் பேசிய மொத்த வசனம் "ஆ". பெரிய பட்ஜெட் படமாக இருந்தால் "ஆஆ".

எனக்கு ஒரு ஆசை இருந்தது. சாவதற்கு முன்னால், அதாவது நிஜமாகச் சாவதற்கு முன்னால், திரையில் ஒரே ஒரு வரி பேச வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அந்த வரியை எனக்குக் கொடுத்தவர் மினேகிஷி.

மினேகிஷி ஒசாகாக்காரர். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிற டைரக்டர். சின்ன வயதில் இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களைப் பார்த்துப் புத்தி கலங்கிப் போனவர். இத்தாலிக்காரன் அமெரிக்காவை ஸ்பெயினில் எடுத்தான். அதைப் பார்த்த ஒசாகாக்காரர் சாமுராய் கதையை யமகதா மலையில் கௌபாய் படமாக எடுக்கிறார். யாருடைய தொப்பியை யார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் விளக்கம் சொல்வார்.

தொப்பியே பெரிய பஞ்சாயத்தாக இருந்தது. சாமுராய் குடுமிக்கு மேல் கௌபாய் தொப்பி உட்காரவில்லை. நடந்தால் வழுக்கிக் கண்ணில் விழுந்தது. விக் மாஸ்டர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு தொப்பியில் ஓட்டை போட்டுக் குடுமியை வெளியே விட்டார். பாலைவனப் புழுதி வேண்டும் என்றார் டைரக்டர். யமகதாவில் அக்டோபரில் சேறுதான் உண்டு. அதனால் சோயா மாவை வறுத்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பெரிய காற்றாடி வைத்து ஊதினார்கள். மழை தூறினால் தெரு முழுக்க மோச்சி என்கிற பிசுபிசுத்த அரிசிப் பலகாரம் மாதிரி ஆகிவிடும். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் எல்லாருக்கும் பசித்தது.

முதல் நாள் பூஜைக்கு வந்த ஷிண்டோ பூசாரியிடம் போர்வை மாதிரி ஒரு மெக்சிகோ உடுப்பை நீட்டி, இதைப் போட்டுக்கொண்டு மந்திரம் சொல்ல முடியுமா என்று கேட்டார் மினேகிஷி. பூசாரி தோஷம் கழிக்கிற உப்பைக் காமிராவுக்கு மட்டும் தெளித்தார். டைரக்டர் பக்கம் ஒரு பொட்டு உப்புகூடப் போகவில்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

ஆனால் வசனம் இருந்ததே! என் பாத்திரத்துக்குப் பெயர்கூட இருந்தது: ஒற்றைக்காது கன்ரோகு. இடது காதை மெழுகு போட்டு மறைத்துவிட்டார்கள். காட்சி இதுதான். மத்தியான நேரம், ஆளில்லாத தெரு. ஒரு முனையில் துப்பாக்கியோடு கதாநாயகன். மறு முனையில் வாளோடு நான், எனக்குப் பின்னால் என் அடியாட்கள் நாலு பேர். அவன் சுடுவான். குறி தவறி, என் தலைக்குப் பக்கத்தில் கம்பத்தில் தொங்கும் சாக்கே மது ஜாடி வெடிக்கும். நான் அசையாமல் நிற்பேன். காமிரா என் முகத்துக்குக் கிட்டே வரும். நான் சிரித்தபடி சொல்வேன்: "இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு தூரம் வந்தே?" பிறகு வாளை உருவிக்கொண்டு ஓடுவேன். இரண்டாவது குண்டில் சாவேன்.

மூன்று மாதம் அந்த வரியைக் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி சுமியே வெளியிலிருந்து கதவைத் தட்டுவாள்.

"ஏங்க, அஞ்சு வார்த்தைக்கு எத்தனை தொட்டி வெந்நீருங்க? பக்கத்து வீட்டம்மா பயந்துபோயி, யாரு எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்கன்னு என்கிட்ட விசாரிக்குது."

படப்பிடிப்பு நாளன்று மழை இல்லை. உள்ளே சின்ன வெடி வைத்த ஜாடிகள் ஏழு. பக்கத்து ஊர்க் குயவர் மெல்லியதாகச் செய்து கொடுத்தவை. அவரால் அதற்கு மேல் முடியவில்லை. கதாநாயகன் செனா என்கிற பையன். பாட்டுக்காரன், இருபத்து நாலு வயது, மரியாதை தெரிந்தவன். துப்பாக்கியில் குண்டு கிடையாது. விசையை இழுத்தால் பாட்டரியில் பொறி பறந்து "டப்" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

முதல் ஜாடி. செனா சுட்டான். ஜாடி வெடித்தது. நான் செத்தேன்.

நான் மட்டுமா? பின்னால் நின்ற நாலு பேரும் செத்தார்கள். நாலு பேரும் கியோட்டோக்காரர்கள், என் கூட்டாளிகள். ஒருவன் சுற்றிச் சுழன்று, சுவரில் மோதி, சரிந்து, வெகு அழகாகச் செத்திருந்தான்.

"கட்! கட்! யோவ், ஒரு குண்டுக்கு அஞ்சு பொணமாய்யா? அதுவும் படாத குண்டுக்கு!" என்று தொப்பியைத் தரையில் அடித்தார் மினேகிஷி. மாவு பறந்தது.

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் வாள் உடம்பில் படாது. பட்டால் அது வேறு தொழில். நட்சத்திரம் வீசுவார், நாங்கள் விழுவோம். இரண்டடி தள்ளி வீசினாலும் விழுவோம். தடுக்கி வீசினாலும், அப்படித்தான் வீச நினைத்தார் என்று பார்ப்பவர்கள் நம்பும்படி விழுவோம். அவர் அழகாகத் தெரிவது எங்கள் பொறுப்பு. அவருடைய தோள் அசைந்தாலே எங்கள் முழங்கால் மடங்கிவிடும். ஒரு தடவை ஒரு பெரிய நட்சத்திரம் தும்மியதில் எங்களில் மூன்று பேர் செத்துப்போனோம். அந்தக் காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது. அப்படிப்பட்டவனிடம் போய், கதாநாயகன் தாக்கும்போது சாகாமல் நில் என்றால் எப்படி?

இரண்டாவது ஜாடிக்கு என் கூட்டாளிகளை அப்புறப்படுத்தினார்கள். நான் தனியாகச் செத்தேன். மூன்றாவதுக்குக் காதில் பஞ்சு அடைத்தார்கள். பயனில்லை, நான் எந்தக் காலத்தில் சத்தத்தைக் கேட்டு விழுந்தேன், தோளைப் பார்த்துத்தானே விழுகிறேன். நான்காவதுக்குத் தோளைப் பார்க்காதே, வானத்தைப் பார் என்றார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டே செத்தேன்.

செனா ஓடிவந்து குனிந்து வணங்கினான். "ஹாச்சியா-சான், மன்னிச்சுக்குங்க. நான் தப்பா சுடறேனா?"

"இல்ல தம்பி, பிரமாதமா சுடறீங்க. அதான் பிரச்சினையே."

உதவி டைரக்டர் ஒரிஹாரா என்கிற பெண் கெட்டிக்காரி. ஐந்தாவது ஜாடிக்கு என் காற்சட்டைக்குள் இரண்டு காலிலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். "இப்ப எப்படி மடங்குது பாக்கலாம்" என்றாள். முழங்கால் மடங்கவில்லைதான். வெட்டின மரமாக முழு நீளத்துக்கும் பின்னால் சாய்ந்தேன். மாவு மட்டும் இல்லாவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

ஆறாவது ஜாடி வெடித்து நான் மல்லாந்து கிடந்தபோது, என் முகத்துக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. சுமியே. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டர்னிப் ஊறுகாய்ப் பை. நான் வசனம் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று நெசவுக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, மூன்று ரயில், ஒரு பஸ் மாறி வந்திருந்தாள்.

"பேசிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"பின்ன ஏன் படுத்திருக்கீங்க?"

எழுந்து மாவைத் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மாவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் மாவு இல்லை. வெட்கம். முப்பத்தொரு வருஷம் நான் பெருமைப்பட்டுக்கொண்ட அதே வேலைதான் இன்று என்னை நிற்க விடவில்லை.

சாப்பாட்டு நேரம். ஊர்க்காரர்கள் பெரிய பானையில் சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். மினேகிஷி கிண்ணத்தோடு வந்து என் எதிரில் குந்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஹாச்சியா-சான், ஒரே ஒரு ஜாடிதான் பாக்கி. வெயிலும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். இந்தத் தடவையும் விழுந்தீங்கன்னா, முதல் குண்டுலயே செத்ததா வச்சுக்கறேன். வசனம் கிடையாது. வசனம் இல்லாதவனுக்குப் பேரும் எதுக்கு? பட்டியல்ல 'அடியாட்கள்'னு போட்டுருவேன். நீங்க சாகறது பிரமாதம், அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா எனக்கு இப்ப நிக்கற ஆளு வேணும்."

"புரியுதுங்க" என்றேன்.

சுமியே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரிஹாராவிடம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்தப் பையன் சுட்டா இவரு விழணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. அதுவா வருது அவருக்கு."

"என்ன அதுவா வருது? வீட்ல எத்தனை நாள் காய் நறுக்கற கத்தியோட திரும்பி நின்னு கத்தியிருக்கேன்! ஒரு தடவையாச்சும் செத்திருக்காரா? குத்துக்கல்லாட்டம் நிப்பாரு. பேப்பரைக்கூடக் கீழ வைக்க மாட்டாரு."

மினேகிஷி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அண்ணி, நீங்க கத்தினா நிப்பாரா?"

"நிப்பாராவா? நகரவே மாட்டாரு."

"அப்பக் கத்துங்க!"

"படம் எடுக்கறப்ப எப்படிங்க கத்தறது? சத்தம் பதிவாகாதா?"

இங்கேதான் இத்தாலிக்காரர்கள் என்னைக் காப்பாற்றினார்கள். அவர்கள் படம் எடுக்கும்போது குரலைப் பதிவு செய்ய மாட்டார்களாம். எல்லாரும் இஷ்டத்துக்குப் பேசுவார்கள், பிறகு யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள், உதடு ஒரு பக்கம் போகும், வார்த்தை ஒரு பக்கம் போகும். மினேகிஷிக்கு அந்தப் பொருந்தாமைமேல் கொள்ளைப் பிரியம். இந்தப் படத்திலும் ஒரு மைக் கூட வைக்கவில்லை.

"தாராளமாக் கத்துங்க அண்ணி. மேளம் வேணும்னாலும் அடிங்க."

ஏழாவது ஜாடியைக் கம்பத்தில் கட்டினார்கள். காற்றாடி உறுமியது. மாவு எழும்பியது. எதிர் முனையில் செனா. காமிராவுக்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு நேராக, குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சுமியே. இருபது வருஷம் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

செனாவின் தோள் அசைந்தது. என் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. அது எனக்கே தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"விழுவீங்களா? விழுந்துதான் பாருங்களேன்!" என்று கிளம்பியது அந்தக் குரல். "ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் விழுந்தாச்சு! எவன் எவனோ அழகாத் தெரியணும்னு முப்பத்தொரு வருஷம் சேத்துல பொரண்டாச்சு! ராத்திரி முழுக்க முதுகுக்கு ஒத்தடம் குடுத்தவ நானு! இன்னைக்கு ஒரு நாள் எனக்காக நில்லுங்க! நில்லுங்கன்னா நில்லுங்க!"

ஜாடி வெடித்தது. அதன் சில்லு என் கன்னத்தில் தெறித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். ஐயா, நான் நின்றுகொண்டிருந்தேன்!

காமிரா முகத்துக்குக் கிட்டே வந்தது. மூன்று மாதக் குளியலறை வசனம் வாயில் வர வேண்டிய நேரம். ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. எதிரில் சுமியே, மூச்சு வாங்கிக்கொண்டு, மாவு படிந்த தலையோடு, அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நீ இருக்கறப்ப நான் எங்க விழறது?" என்றேன்.

வாளை உருவிக்கொண்டு ஓடினேன். செனா சுட்டான். அந்தச் சாவைப் பற்றி நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாவு நான் செத்ததில்லை.

"கட்! ஓகே!" என்று குதித்தார் மினேகிஷி. "உதடு கொஞ்சங்கூடச் சேராதுய்யா! பிரமாதம்!"

ஒரிஹாரா உரத்த குரலில், "கன்ரோகுவா நடிச்ச ஹாச்சியா-சானுக்கு இத்தோட படப்பிடிப்பு முடிஞ்சுது!" என்று அறிவித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். பெயருள்ள பாத்திரத்துக்கு மட்டும்தான் அது உண்டு. வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கிவிட்டு, பழக்க தோஷம், அடுத்த விக் எங்கே என்று கேட்டுக்கொண்டே ஓடப் பார்த்தேன். ஒரிஹாரா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பஸ்ஸில் சுமியே பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "கடைசியில என்னமோ சொன்னீங்களே, என்ன சொன்னீங்க? நான் கத்தின கத்துல ஒண்ணும் கேக்கல. அந்தக் காத்தாடி வேற."

"வசனம்தான். குளியலறையில சொல்லுவேனே, அது."

நேருக்கு நேராக அவளிடம் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பத்தாறு வயதுக்காரன், ஊறுகாய்ப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

குரல் பதிவுக்கு டோக்கியோவுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். வசனத்தை மறுபடியும் குளியலறையில் பழகினேன். நவம்பர் போனது, டிசம்பர் போனது. ஜனவரியில் நானே வெட்கத்தை விட்டு ஒரிஹாராவுக்குப் போன் செய்தேன்.

"ஹாச்சியா-சான், அது... வேற ஒருத்தர் குடுத்துட்டாரு. குரல் நடிகர். நல்ல கட்டைக் குரல். டைரக்டருக்கு அப்படித்தான் வேணுமாம்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மினேகிஷியின் கறுப்புக் கண்ணாடி, அவருடைய இத்தாலி, ஒசாகா எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினேன். ஒரு வரி! ஒரே ஒரு வரி! அதையும் எவனோ ஒருவன், சேற்றில் கால் வைக்காதவன், மைக் முன்னால் காப்பி குடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போய்விட்டான். முகம் மட்டும் என்னுடையது. படத்துக்கே போக வேண்டாம் என்றேன். சுமியே கேட்கவில்லை. நெசவுக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம்.

பிப்ரவரியில், வாரநாள் மத்தியானக் காட்சிக்குப் போனோம். கூட்டம் சுமார். செனாவுக்காக வந்த பள்ளிக்கூடப் பெண்கள், வேலை நேரத்தில் தூங்க வந்த ஆபீஸ்காரர்கள். எங்கள் ஊரில் சினிமா பார்க்கிறவர்கள் இருமுவதற்கே வெட்கப்படுவார்கள். அப்படி ஒரு அமைதி.

என் காட்சி வந்தது. மாவு நிஜப் புழுதியாகத்தான் தெரிந்தது. செனா சுட்டான். ஜாடி வெடித்தது. நான் நின்றேன். திரை முழுக்க என் முகம். மூக்கு மட்டும் எங்கள் வீட்டுக் கதவு உயரம். சிரித்தேன். வாய் திறந்தது. எவனுடையதோ கட்டைக் குரல் அரங்கத்தை அதிர வைத்தது:

"இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

முன்வரிசைப் பெண்கள் இருவர் ரசித்து முனகினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவமானமாக இருந்தது. அப்போது என் கை இறுகியது. சுமியே பிடித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், அவள் கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதடு மெல்ல அசைகிறது. அந்தப் பெரிய வாய் சொன்னதை எழுத்துக் கூட்டுவதுபோல் அவள் தன் வாயில் சொல்லிப் பார்க்கிறாள். நீ. இருக்கறப்ப. எவன் குரல் கொடுத்தால் என்ன, இத்தனை வருஷமாக அந்த வாய்க்குச் சோறு போட்டவள் அவள்.

திரையில் நான் வாளை உருவிக்கொண்டு ஓடினேன்.

"நான் எங்கயும் போகலங்க!" என்றாள் சுமியே. மெதுவாகச் சொல்வதாகத்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். "இங்கதான் இருக்கேன்! நீங்க நிம்மதியா விழுங்க!"

அரங்கத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த ஆபீஸ்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டார்ச் லைட்டோடு ஒரு ஆள் ஓடிவந்தான். எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், அவ்வளவு பெரிய திரையில், என் வாழ்க்கையின் மிகச் சிறந்த சாவை நான் செத்து முடித்தேன். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.